சியோனியின் ட்ரெய்லரும் குணம் அண்ணையின் திருநீறும்

பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு இதை எழுத உட்காருவது இது முதல் தடவை அல்ல. முன்பெல்லாம் நாலு வரி எழுதுவேன், தேத்தண்ணி போட எழும்புவேன், திரும்பி வந்து கிழித்துப் போடுவேன். வேலையை விட்டு ஓய்ந்த பிறகு பல வருடங்கள் இப்படியே போய்விட்டன. மனிசி கேட்பாள், "எழுதுறதெண்டால் எழுதுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. ஏன் பேப்பரோட சண்டை?" என்று. எழுதினால் ஒருவருடைய மனம் நோகும் என்ற பயம்தான். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் காண்கிறேன். போன மாதம் அவரே எழுதச் சொன்னார். என்ன சொல்லி எழுதச் சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய டயரிலிருந்தும் மரத்து எண்ணெயிலிருந்தும் புது ரப்பர் செய்கிற வேலைக்கு இப்போது வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் படித்தவர்கள். நான் ஊரில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அகதியாக வந்து, ஆக்லாந்தில் டயர்ப் பட்டறையில் கை கறுத்தவன். உங்களுக்கு ரப்பரைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் செத்ததைப் பற்றித்தான் இருக்கிறது.

இந்தக் கதை உங்கள் காதில் ஏற்கனவே வந்திருக்கும். இரண்டு விதமாக ஓடுகிறது. பட்டறைகளில் சொல்கிற விதம்: ஒரு சிறீலங்கன் டயருக்குச் சாம்பல் பூசினான், டயர் உரிந்தது, எல்லோரும் சிரிப்பார்கள். கோயில் மடைப்பள்ளியில் சொல்கிற விதம்: வெள்ளைக்காரன் தன் பிழையை எங்கள் திருநீற்றின் மேல் போட்டான், எல்லோரும் கோபப்படுவார்கள். இரண்டு கூட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன். இரண்டும் நடந்தது அல்ல.

எங்கள் பட்டறை ஆக்லாந்தின் மேற்கே மாசி என்கிற ஊரின் ஓரத்தில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் வீடுகள் கட்டிவிட்டார்கள். தேய்ந்த லொறி டயரை எடுத்து, மேல் பக்கத்தைச் சுரண்டி, அதற்குப் புதுப் பட்டை ஒட்டி, சூட்டறையில் வேகவைத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். ரீட்ரெட் என்பார்கள். பின்முற்றத்தில் ஒட்டுக்கே உதவாத டயர்கள் மலை மாதிரிக் கிடந்தன. மழை பெய்தால் அவற்றுக்குள் தண்ணீர் நின்று நுளம்பு பெருகும். அந்த மலையைக் குறைக்கத்தான் எங்கள் மனேஜர் புதுப் பட்டை செய்ய வெளிக்கிட்டார். பழைய டயரை எரித்து எடுத்த கரித்தூள், பெட்ரோலியத்தில் இருந்து வந்த எண்ணெய்க்குப் பதிலாக இந்த நாட்டுப் பைன் மரத்து எண்ணெய். அவர் கெட்ட மனிதர் அல்ல. தன் வீட்டை அடகு வைத்து இதைத் தொடங்கினார். அந்த மலையைக் காட்டி, "இதை என் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுப்போக மாட்டேன்" என்று சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே நடுங்கும். நான் அதைப் புண்ணியமான வேலை என்றுதான் நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கலவையைச் செய்தவள் தாரிணி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. இங்கே படித்து, எங்கள் பட்டறையின் பெயரில்தான் வேலை விசா எடுத்திருந்தாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வருவாள்.

பட்டை ஒட்டுகிற வேலை குணம் அண்ணைக்கும் எனக்கும். அவர் என்னிலும் மூத்தவர், எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். காலையில் வந்ததும் சட்டைப்பையில் இருந்து சின்னத் திருநீற்றுச் சம்புடத்தை எடுப்பார். தான் பூசுவார், எனக்குப் பூசுவார், பிறகு அன்றைக்கு ஒட்டப்போகிற முதல் டயரின் பக்கச் சுவரில் மூன்று விரலால் ஒரு இழுப்பு. பக்கச் சுவரில்தான். சுரண்டிய மேல் முகத்தில் அல்ல. அந்த முகத்தில் விரல் பட்டாலே ஒட்டு நிற்காது என்பது எங்கள் தொழிலில் குழந்தைக்கும் தெரியும். பூசி முடிந்ததும் இடுப்புத் துணியில் கையைத் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் மேல் முகத்துக்குப் போவார். மனேஜர் இதைத் தடுக்கவில்லை. புதுப் பட்டையைப் பார்க்க யாராவது வந்தால் அவர்களைக் கூட்டிவந்து இதைப் படம் எடுக்கவும் விடுவார்.

புதுப் பட்டை ஒட்டிய முதல் தொகுதி சியோனியின் ட்ரெய்லருக்குப் போனது. சியோனி பசிபிக் கடலில் உள்ள டொங்காத் தீவுக்காரர். தெற்கே ஹமில்டனுக்கும் எங்கள் பக்கத்துக்கும் இடையில், பொம்பே மேடு என்கிற மலைப்பாதையால் சரக்கு ஓட்டுபவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் பேசுவது ஆங்கிலம், எங்கள் தமிழில் எழுதுகிறேன். அன்றைக்கு முதல் டயருக்குக் குணம் அண்ணை கற்பூரமும் கொளுத்தினார். சியோனி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள், உங்கட கடவுள் மெதடிஸ்ட் ஆக்களின்ர லொறியையும் பாப்பாரோ?"

"டயரைப் பாப்பார்," என்றார் குணம் அண்ணை. "ட்றைவரை உங்கட சேர்ச் பாக்கட்டும்."

"அப்ப ரெண்டு கம்பெனி இன்சூரன்ஸ். என்ர மனிசி சந்தோசப்படுவா." தலையைக் குனிந்து, "எனக்கும் கொஞ்சம் வையுங்கோ" என்றார். குணம் அண்ணை எம்பித்தான் வைக்க வேண்டியிருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பட்டைகளைக் கோடையில் செய்து, பின்கொட்டிலில் அடுக்கி வைத்திருந்தோம். எடுத்து ஒட்டியது குளிர்காலத்தில். கொட்டிலில் சூடு இல்லை. தாரிணி மனேஜரிடம் சொன்னது எனக்குத் தெரியும், நானும் பக்கத்தில் நின்றேன்.

"இந்த எண்ணெய் குளிர்ல வெளிய வரும், சார். ஒட்டுறதுக்கு முன்னாடி அடிப்பக்கத்த நல்லா துடைக்கணும்."

முன்பு பெட்ரோல் வாசனை அடிக்கிற ஒரு திரவத்தால் பட்டையின் அடிப்பக்கத்தைத் துடைத்துத்தான் ஒட்டுவோம். புதுப் பட்டைக்கு அதை நிறுத்தியிருந்தார்கள். பெட்ரோல் சேராத டயர் என்று சொல்லி விற்பதற்கு. உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும் என்பது புது முறை. மனேஜர் அவளிடம் கோபமாகக் கதைக்கவில்லை. "அதையும் பார்ப்போம், முதலில் இது ஓடட்டும்" என்று தோளில் தட்டுவது மாதிரிச் சொன்னார். அந்தப் பிள்ளை தலையாட்டியது.

சில கிழமை கழித்துச் சியோனி ஒரு டயரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பட்டையின் ஓரம் கிளம்பியிருந்தது. "என்ர சப்பாத்து மாதிரி வாய் திறக்குது" என்று சிரித்துக் கொடுத்துவிட்டு, வேறு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார்.

அது அந்த முதல் டயர். கற்பூரம் காட்டிய டயர்.

மனேஜர், தாரிணி, நாங்கள் இருவர், நாலு பேரும் சுற்றி நிற்க, நான் கம்பியால் நெம்பி இழுத்தேன். இழுக்கத் தேவையே இருக்கவில்லை. வாழைப்பழத் தோல் மாதிரி வந்தது. உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒரு தூள் படிந்திருந்தது.

மனேஜர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குணம் அண்ணையின் நெற்றியைப் பார்த்தார். பார்த்தது மட்டும்தான்.

குணம் அண்ணையின் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. செத்த வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்ற மறந்தவரின் முகம் மாதிரி என்று சொல்லலாம். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "சொறி போஸ். என்ர சாம்பல்தான். என்ர பிழை."

மனேஜர் பெரிய மூச்சு விட்டார். "சரி. நல்லது. உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. இனிமேல் வேண்டாம், சரியா?" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு டயரில்தான் சாம்பல் பட்டது, ஆகவே ஒரு டயர்தான் பிழை, மற்றதெல்லாம் நல்லது என்று அறை முழுக்க ஒரு லேசான தன்மை வந்துவிட்டது. என்னுடைய நெஞ்சும் லேசானது. அதை மறைக்க மாட்டேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏதாவது உடைந்திருக்கும்போது ஒருவர் முன்வந்து "என்ர பிழை" என்று சொன்னவுடன், எல்லோரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். அந்த மூச்சுக்குப் பயப்படுங்கள். அதற்குப் பிறகு யாரும் டயரைப் பார்க்க மாட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த வெள்ளை டயரைச் சுற்றி முழுவதும் இருந்தது. மூன்று விரலில் எடுக்கிற நீறு அவ்வளவுக்குக் காணுமா? குணம் அண்ணை சாப்பாட்டைத் திறக்காமல் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் மேல் முகத்தில கை வைச்சனீங்களோ?"

"இல்லை."

"பிறகென்னத்துக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"கை வைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஒரு பொட்டுத் தூள் பறந்து விழேல்லை எண்டு நான் சத்தியம் பண்ணேலுமோ? கற்பூரமும் கொளுத்தினன். என்ர ஆசைக்கு."

"ஒரு பொட்டு விழுந்தால் ஒரு பொட்டு இடம் கிளம்பும். இது முழுக்க எல்லோ உரிஞ்சிருக்கு."

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, என்ர சாம்பல் இல்லையெண்டால் அந்தப் பிள்ளையின்ர எண்ணெய். பிள்ளையின்ர எண்ணெய் எண்டால் பிள்ளையை நிப்பாட்டுவாங்கள். நிப்பாட்டினால் விசா போச்சு. எனக்கு என்ன? நான் சிற்றிசன். ரெண்டு பேச்சு வாங்கிப்போட்டு இருப்பன். முருகன் பாத்துக்கொண்டுதானே இருக்கிறார், யாருக்காகச் சொன்னன் எண்டு."

"முருகன் பாப்பார் அண்ணை. சியோனியின்ர மற்ற டயரை ஆர் பாக்கிறது?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டு இருந்தார்.

எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் செய்த பிழையை இல்லை என்பார்கள். நாங்கள் செய்யாத பிழையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பணிவு என்போம், தியாகம் என்போம். அதற்குள் கடவுளையும் கூட்டிக்கொண்டு வருவோம்.

நான் தாரிணியைத் தேடிப் போனேன். அவள் உரிந்த பட்டையில் ஒரு துண்டு வெட்டி மேசையில் வைத்துக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இது திருநீறோ, பிள்ளை?"

"நீங்களே பாருங்க அங்கிள்."

பெயின்ட் உரிக்கிற சூட்டுக் காற்றுக் கருவியை எடுத்துத் துண்டின் பாதியில் பிடித்தாள். வெள்ளை இளகியது, பளபளத்தது, இல்லாமல் போனது. மற்றப் பாதி வெள்ளையாகவே இருந்தது. பிறகு என் நெற்றியைக் காட்டி, "கொஞ்சம் குடுப்பீங்களா?" என்றாள். நெற்றியில் இருந்து ஒரு விரல் நீறு வழித்து அந்தச் சுத்தமான பாதியில் வைத்தேன். சூடு பிடித்தாள். நீறு அப்படியே இருந்தது.

"விபூதி கரையாது அங்கிள். இது எண்ணெய்ல இருந்து வந்தது. ஒட்டும்போதே இருந்திருக்கு, அதான் பிடிக்கல. அப்புறம் குளிர்ல திரும்பவும் வெளிய வந்திருக்கு." கருவியை நிறுத்தினாள். "அப்படின்னா எல்லாத்துலயும் இருக்கும்."

"காலமை ஏன் சொல்லேல்ல?"

"குணம் அங்கிள் பேச ஆரம்பிச்சுட்டாரு. நான் அப்படியே... அவர் சொன்னது உண்மையா இருக்கட்டும்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் நெனச்சேன் அங்கிள், அவ்வளவுதான்."

"இப்ப வாரும், போவம்."

"வேல போயிடும்."

"போகலாம். என்ர வீட்டில ஒரு அறை சும்மா கிடக்கு. அதுக்கு மேல என்னால ஒண்டும் சொல்லேலாது."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். அந்தக் கை கழுவியதை நான் மறக்கவில்லை. கோயிலுக்குள் போவதற்கு முன் கழுவுவது மாதிரிக் கழுவினாள்.

மனேஜர் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். பிற்பகல் பணம் போட விரும்பியவர்கள் டயரைப் பார்க்க வருவதாக இருந்தது. தாரிணி துண்டைக் காட்டிச் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் கேட்டார். முகம் வெளிறியது. ஆகவே அவருக்கு விளங்கியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் விளங்காத பக்கத்துக்குப் போனார்.

"குணம் தானே ஒத்துக்கொண்டார்," என்றார். "நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நீங்களும் அங்கே நின்றீர்கள். இப்போது வந்து அவரைப் பொய்யர் என்கிறீர்களா?"

பதினைந்து வருடம் என் பக்கத்தில் நின்று வேலை செய்த மனிதர். அவரைப் பொய்யர் என்று என் வாயால் சொல்ல வேண்டும்.

"ஓம்," என்றேன். "பொய்தான் சொன்னவர். நல்ல எண்ணத்தில சொன்னவர். ஆனா பொய். சியோனிக்குப் போன் எடுங்கோ."

"நாளைக்கு ட்ரெய்லர் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றுவோம்," என்றார் அவர். "இன்றைக்கு மட்டும் விடுங்கள். நாளைக்கு முதல் வேலை அதுதான்." கெஞ்சுவது மாதிரித்தான் சொன்னார்.

அவரோடு நின்று வாதாடாமல் நான் வெளியே போய்ச் சியோனிக்கு அழைத்தேன். முதலில் எடுக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. முற்றத்து டயர் மலைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று திரும்ப அழைத்தேன். எடுத்தார். லொறிச் சத்தம் கேட்டது.

"அங்கிள்! எப்படி?"

"சியோனி, ட்ரெய்லர் டயர் எல்லாம் பிழை. எல்லாத்திலும் அதே பிழை இருக்கு. எங்கேயாவது நல்ல இடமாப் பாத்து நிப்பாட்டும்."

"இல்லை அங்கிள், குணம் அங்கிள் எனக்குப் போன் எடுத்தவர்." அவர் என்னை ஆறுதல்படுத்துகிற குரலில் சொன்னார். "காலமை, நான் போன கையோட. தன்ர சாம்பலாம், மன்னிக்கச் சொன்னார். அந்த ஒரு டயர்தானாம். பாவம், அழாத குறை. பரவாயில்லை எண்டு சொன்னனான்."

"அது சரியில்லை. அவர் சொன்னது..." எப்படிச் சொல்வது? "அவர் பிழையா விளங்கிக்கொண்டார். நிப்பாட்டும்."

"சரி அங்கிள், சரி. பொம்பே மேடு தாண்டினதும் லொறி நிப்பாட்டுற இடம் ஒண்டு வரும். அதில இறங்கிப் பாக்கிறன். நீங்கள் கவலைப்படாதையுங்கோ. குணம் அங்கிளிட்ட சொல்லுங்கோ, என்ர மனிசி அவருக்குக் கேக் செய்திருக்கிறா எண்டு."

மேடு தாண்டுவதற்கு முன்பே பட்டை கழன்றது.

பிறகு எங்களுக்குத் தெரியவந்தது இதுதான். முழுப் பட்டையும் உரிந்து நெடுஞ்சாலையின் நடுவில் விழுந்தது. லொறிக்கு ஒன்றும் ஆகவில்லை. சியோனி ஓரத்தில் நிறுத்தி, விளக்குப் போட்டு, உள்ளேயே இருந்திருக்கலாம். இருக்க வேண்டும் என்பதுதான் சட்டமும். ஆனால் மழை, வளைவு, பின்னால் வருகிற கார்கள். அந்தப் பட்டையைத் தெருவில் இருந்து இழுத்துவிட அவர் இறங்கினார். ஒரு தரம் இழுத்து ஓரத்துக்குப் பாதி கொண்டுவந்தும் விட்டார். வளைவில் வந்த கார் அவரைக் காணவில்லை.

செய்தி வந்தபோது பணம் போட விரும்பியவர்கள் முன்கூடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மனேஜர் போனைக் காதில் வைத்தபடி பட்டறைக்குள் வந்தார். சூட்டறையின் மின்சாரத்தைத் தானே நிறுத்தினார். பிறகு அடுக்கியிருந்த டயரின் மேல் உட்கார்ந்தார். அந்த வெள்ளைச் சட்டையோடு. நாங்கள் கேட்காமலே விளங்கிக்கொண்டோம்.

குணம் அண்ணை என்னிடம் வந்து, "ஆர்?" என்று கேட்டார். ஆர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

விசாரிக்க அரசாங்க ஆட்கள் வந்தார்கள். தாரிணி எல்லாவற்றையும் சொன்னாள். நானும் சொன்னேன். மனேஜரும் தன் பங்கை மறைக்கவில்லை, அதற்காக அவருக்கு என் மரியாதை உண்டு. குணம் அண்ணையின் முறை வந்தபோது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் அன்றைக்கு அவர் தமிழில்தான் கதைத்தார். "அது என்ர சாம்பல் இல்லை. அப்ப நான் சொன்னது பொய். அந்த ட்றைவருக்கும் போன் எடுத்துப் பொய் சொன்னனான்." நான் அதை வசனம் வசனமாக ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

பட்டறை மூடப்பட்டது. மனேஜர் வீட்டை விற்றார். தாரிணி எங்கள் வீட்டு அறையில் சில மாதம் இருந்தாள். பிறகு கிறைஸ்ட்சர்ச்சில் வேலை கிடைத்தது. இன்றும் இதே வேலைதான் செய்கிறாள். அந்த எண்ணெய் வெளியே வராமல் இருக்க வழி கண்டுவிட்டார்களாம். போனில் சொல்லும்போது சந்தோசமாகச் சொல்லத் தொடங்குவாள், பாதியில் நின்றுவிடுவாள். நானும் மற்றதைக் கேட்க மாட்டேன்.

சியோனியின் சேர்ச் மண்டபத்துக்கு நாங்கள் போனோம். பாய்கள் விரித்து, பெரிய குடும்பம் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் பெயர் மெலே. அவர்கள் துக்க வழக்கப்படி கறுப்பு உடுத்து, இடுப்பில் ஓலைப் பாய் கட்டி, முன்னால் இருந்தா. குணம் அண்ணை அவவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இந்த முறை ஆங்கிலத்திலேயே சொன்னார். தன் சாம்பல் அல்ல என்பதையும், தன்னுடையது என்று சொன்னதையும், போன் எடுத்ததையும்.

மெலே அவரைப் பார்த்தா. கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறவர் மாதிரிக் கேட்டா: "அன்றைக்குச் சியோனி எனக்குப் போனில் சொன்னார், அந்த அங்கிள் நல்ல மனிதர், பிழையை ஒத்துக்கொண்டார் என்று. இன்றைக்கு நீங்கள் அது பொய் என்கிறீர்கள். நான் எந்த நாளை நம்ப வேண்டும்?"

அவ மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பிட்டோம்.

இது கடவுள் விட்ட வழி என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் கடவுளை நம்புகிறவன். நாள் தவறாமல் விளக்கேற்றுகிறவன். அதனால்தான் அப்படிச் சொல்ல என்னால் முடியாது. அவர் விட்ட வழியில் தாரிணியின் எச்சரிக்கை இருந்தது, உரிந்த பட்டை இருந்தது, போனும் இருந்தது. அவ்வளவையும் கொடுத்த பிறகு மிச்சப் பழியையும் அவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

குணம் அண்ணை இப்போதும் கோயிலுக்கு வருகிறார். ஐயர் திருநீற்றுத் தட்டோடு வரும்போது வலது கையை நீட்டி, அதன் கீழே இடது கையையும் ஏந்திக்கொள்வார். ஒரு பொட்டும் கீழே சிந்தக்கூடாது என்று. பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைப்பார்கள்.

போன மாதம் பூசை முடிந்து, வெளியே சப்பாத்து மாட்டும்போது என்னிடம் சொன்னார்.

"தம்பி, டயர் வேலைக்குப் புதுப் பிள்ளையள் வருதுகளாம். நீ எழுத நினைச்சதை எழுது."

"உங்கட பேர் வருமே அண்ணை."

"வரட்டும். ஆனா என்னை நல்லவனாக்கிப் போடாதை. அதுதான் எனக்குப் பயம். பிள்ளைக்காகச் சொன்னார், தியாகி எண்டு எழுதிப் போடுவாய் நீ. எழுதாதை. போன் எடுத்ததை எழுது."

எழுதிவிட்டேன்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். உங்களோடு புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். சிரிப்பு வருவதற்காக எண்ணெயை விட்டுவிடாதீர்கள், கோபம் வருவதற்காகக் குணம் அண்ணை தானே ஒத்துக்கொண்டதை விட்டுவிடாதீர்கள். மனேஜரை அரக்கனாக்காதீர்கள், குணம் அண்ணையைச் சாமியாராக்காதீர்கள். என்னையும் வீரனாக்க வேண்டாம், நான் போன் எடுத்தபோது நேரம் போய்விட்டது.

பட்டறையில் சொல்கிற கதையிலும் சியோனி இல்லை, கோயிலில் சொல்கிற கதையிலும் சியோனி இல்லை. இரண்டிலும் ஒரு டயர் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் சொல்லும்போது அவர் பெயரையும் சொல்லுங்கள். மழைக்குள் அவர் ஏன் இறங்கினார் என்று யாராவது கேட்டால், பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட என்று சொல்லுங்கள்.